பொடி மீன்களின் பார்: மன்னார் வளைகுடாப் பயணக் குறிப்புகள்

மார்ச் 20, 2025, வியாழன், மண்டபம்

பாம்பனில் புது ரயில் பாலம் அப்போது திறந்திருக்கவில்லை. அதனால் வண்டி மண்டபத்தோடு நின்றுவிட்டது. ராமேஸ்வரம் போகிறவர்கள் பையும் தண்ணீர்க் குடமுமாகப் பேருந்துக்கு ஓடினார்கள். நான் இறங்க வேண்டிய இடமே மண்டபம்தான் என்பதால் எனக்கு அவசரம் இல்லை. காலை எட்டு மணிக்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

வாசலில் நின்ற ஆட்டோக்காரர், "கோயிலுக்கா சார்?" என்றார். மீன் பார்க்க வந்திருக்கிறேன் என்றேன்.

"வாங்கவா?"

"இல்லண்ணே, சும்மா பார்க்க."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப கேம்ப்புல மீன் காட்சி இருக்கு. எண்பது ரூபா குடுங்க, விட்டுர்றேன்." வழியில் வண்டியை நிறுத்தி டீயும் வாங்கிக் கொடுத்தார். அதற்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள். 1986இல் இந்தப் பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பவளப்பாறை என்றால் ஆமை, கடல்பசு, பெரிய களவா மீன் என்றுதான் படம் எடுப்பவர்கள் காட்டுகிறார்கள். நான் வந்தது சுண்டுவிரலுக்கும் சிறிய மீன்களுக்காக. அவை இல்லாமல் ஒரு பவளப்பாறை நிற்காது என்று படித்ததிலிருந்து அதை நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்ற நினைப்பு விடவில்லை. இந்தக் கரையில் பவளப்பாறையைப் பார் என்றுதான் சொல்கிறார்கள். நானும் இனி அப்படியே எழுதுகிறேன்.

மண்டபம் கேம்ப் என்கிற பகுதியில் இருப்பது மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையம். 1947இல் தொடங்கிய அந்த நிறுவனத்துக்கு 1971 வரை இந்தச் சின்ன ஊர்தான் தலைமையிடம். காட்சிக்கூடத்தில் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம். எல்லாரும் கோமாளி மீன் தொட்டியை மொய்த்துக்கொண்டு நின்றார்கள். நம் கடலில் கிடைக்கும் கோமாளி மீன் கறுப்பு உடம்பில் வெள்ளைப் பட்டையும் மஞ்சள் வாலும் கொண்டது. அதை இங்கேயே முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்க்கிறார்கள். கடலில் போய்ப் பிடிக்கும் தேவை குறைய இதுவும் ஒரு வழி.

ஒரு சிறுமி ஆசிரியையிடம், "மிஸ், அந்தப் பூவு அதைக் கொட்டாதா?" என்று கேட்டாள். கடற்சாமந்தியைச் சொல்கிறாள், பூப்போல இருக்கும், கொட்டுகிற கடல் உயிர். ஆசிரியை, "கொட்டாதுடா, அதுக்குப் பழகிருச்சு" என்றார். சரியான பதில்தான். மீனுக்கு அங்கே ஒளிய இடம் கிடைக்கிறது. பதிலுக்கு அது சாமந்தியைக் கடிக்க வரும் வண்ணத்துப்பூச்சி மீன்களை விரட்டுகிறது. அதன் கழிவு சாமந்திக்கு உரமாகிறது. மீனின் கழிவு யாருக்கோ சோறு என்கிற இந்தக் கணக்கு பார் முழுக்க நடக்கிறது.

மதியம் மீன் சாப்பாடு, விளமீன் குழம்போடு 140 ரூபாய். குழம்பில் புளி தூக்கல், மிளகாய் அதைவிடத் தூக்கல். கடைக்கார அக்கா கேட்காமலே மோர் வைத்தார்.

மார்ச் 21, வெள்ளி, ஓலைக்குடா

ராமேஸ்வரத்துக்கு வடக்கே, பாக் நீரிணையைப் பார்த்த கிராமம் ஓலைக்குடா. தேசியப் பூங்காவின் தீவுகள் தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம். வடக்கிலும் கரையை ஒட்டியே ஒரு பார் ஓடுகிறது. ஆழம் அதிகம் கிடையாது. மூக்குக் கண்ணாடியும் குழாயும் மாட்டிக்கொண்டு மேலாகவே மிதந்து பார்க்கலாம். ஆளுக்கு 1,200 ரூபாய். வழிகாட்டியாக வந்த தம்பியின் அப்பா சங்கு குளிப்பவராம். இவன் அந்த மூச்சைச் சுற்றுலாவுக்குப் பயன்படுத்துகிறான்.

இரவு காற்று எழும்பியிருந்ததால் தண்ணீர் கலங்கிக் கிடந்தது. "பதினோரு மணிக்குத் தெளியும்ணே" என்றான். தெளியவில்லை. கொடுத்த கண்ணாடியின் ரப்பர் வெடித்திருந்ததால் மூக்குக்குள் உப்புநீர் ஏறிக்கொண்டே இருந்தது. அவன் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வெறுங்கண்ணோடு முங்கி முங்கி விரலால் காட்டினான். கையளவு தூரத்தில் இருப்பதுதான் தெரிந்தது. நான் தேடி வந்ததற்கு அது போதுமானதாக இருந்தது.

முதலில் கண்ணில் பட்டது கிளைப்பவளம் ஒன்றின் மேலே மிதந்த டாம்சல் கூட்டம். கட்டைவிரல் நீளம்கூட இல்லாத நீல மீன்கள். நீரோட்டத்தில் வரும் நுண்ணுயிர்களைக் கொத்திக் கொத்தித் தின்கின்றன. நான் கையை அசைத்ததும் கூட்டம் முழுவதும் கிளைகளுக்குள் இறங்கி மறைந்தது. அசையாமல் இருந்தால் ஒவ்வொன்றாக மேலே வருகிறது.

பவளம் வாழும் வெப்பக் கடல் பெரும்பாலும் சத்துக் குறைந்த நீர். டாம்சல்கள் நாள் முழுக்க வெளிநீரில் மேய்ந்துவிட்டுப் பவளத்துக்குள் வந்து கழிக்கின்றன. அந்தக் கழிவில் இருக்கும் அம்மோனியம்தான் பவளத்தின் சதைக்குள் வாழும் பாசிக்கு உரம். மீன்கள் குடியிருக்கும் கிளைப்பவளம், குடியில்லாததைவிட வேகமாக வளர்வதை அளந்து பார்த்திருக்கிறார்கள். இரவிலும் இந்த மீன்கள் சும்மா இருப்பதில்லை. இருட்டில் பவளத்துக்குள் ஆக்சிஜன் குறையும் நேரத்தில், கிளைகளுக்கு நடுவே உறங்கும் டாம்சல்கள் துடுப்புகளை அசைத்துக்கொண்டே இருக்கின்றன. செங்கடலில் நடந்த ஆய்வில் 2004இல் இதைப் பதிவு செய்தார்கள். அந்த அசைவில் புதுநீர் உள்ளே வருகிறது, பவளம் மூச்சு விடுகிறது.

கொஞ்சம் தள்ளி ஒரு கல்லிடுக்கில் நல்ல பருமனான களவா ஒன்று வாயைப் பிளந்தபடி அசையாமல் நின்றது. நோயோ என்று நினைத்தேன். தம்பி என் தோளைத் தட்டி வாய்க்குள் காட்டினான். உள்ளே, பற்களுக்கு நடுவே, நீலக் கோடு போட்ட ஒல்லியான மீன் ஒன்று நிதானமாகக் கொத்திக்கொண்டிருந்தது. துப்புரவு மீன். பெரிய மீன்களின் தோலிலும் செவுளிலும் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணிகளைத் தின்று வாழ்வது. ஒரு துப்புரவு மீன் நாளொன்றுக்குச் சுமார் 1,200 ஒட்டுண்ணிகளைத் தின்கிறது என்று கடல் உயிரியல் ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா கிரட்டர் 1990களில் கணக்கிட்டார். பிறகு ஆஸ்திரேலியாவின் லிசார்ட் தீவில் சில பார்களிலிருந்து இந்த மீன்களை மட்டும் பதினெட்டு மாதம் அகற்றி வைத்துப் பார்த்தார்கள். வேறொன்றையும் தொடவில்லை. அந்தப் பார்களில் மீன் வகைகள் பாதியாகக் குறைந்துபோயின. பார் விட்டுப் பார் சுற்றும் மீன்கள் அங்கே வருவது வெகுவாகக் குறைந்தது.

களவா இந்த மீனை விழுங்க நினைத்தால் ஒரு நொடி போதும். அது வாயை மூடும் முன் மெல்ல ஒரு முறை உடம்பை உதறியது. உள்ளே இருந்தது வெளியே வந்தது. அதன் பிறகுதான் வாய் மூடியது. இவ்வளவு நாகரிகமான ஒரு பழக்கத்தைத் தரையில் எந்த மிருகத்திடமும் நான் பார்த்ததில்லை.

ஆனால் நான் உண்மையில் தேடியது இவற்றையும்விடச் சின்னதை. இறந்த பவளக் கல்லின் மேல் முகத்தை வைத்துக்கொண்டு நெடுநேரம் கிடந்தேன். முதலில் வெறும் கல்தான். கண் பழகியதும் அந்தக் கல்லின் மேல் ஒன்று நகர்ந்தது, பிறகு இன்னொன்று. அரிசி அளவில் கண்ணாடி உடம்பும் பெரிய கண்களுமாக உழுவை மீன்கள். இடுக்கிலிருந்து தலையை மட்டும் நீட்டிப் பார்க்கும் இன்னொரு வகையும் இருந்தது. ஒரு சாப்பாட்டுத் தட்டளவு இடத்தில் எத்தனை இருந்தன என்று எண்ண முடியவில்லை. எண்ணுவதற்குள் இடம் மாறிவிடுகின்றன.

2005இல் ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கிரேட் பாரியர் ரீஃபில் வாழும் ஒரு குட்டி உழுவையின் ஆயுளைக் கணித்தார்கள். அதிகபட்சம் 59 நாள். முதுகெலும்புள்ள உயிர்களில் அதுவரை பதிவானதிலேயே குறைந்த ஆயுள் அது. முதல் மூன்று வாரம் குஞ்சாகத் திறந்த நீரில் போகிறது. பாருக்கு வந்து வளர்ந்து நின்ற பிறகு முட்டையிட மீதி இருப்பது மூன்றரை வாரம்தான். அதற்குள் பெரும்பாலானவற்றை யாராவது தின்றுவிடுகிறார்கள்.

யாராவது தின்றுவிடுவதுதான் இங்கே விஷயம். 2019இல் சைமன் பிராண்டல் தலைமையில் ஒரு குழு, பார் இடுக்குகளில் ஒட்டி வாழும் 5 சென்டிமீட்டருக்கும் குறைந்த மீன்களைக் கணக்கெடுத்தது. எந்த நேரத்தில் எடை போட்டாலும் அவை அற்ப அளவுதான். ஆனால் பாரில் தின்னப்படும் மீன் இறைச்சியில் ஏறக்குறைய 60 சதவீதம் அவற்றிலிருந்து வருகிறது. மற்ற மீன்களின் குஞ்சுகள் நீரோட்டத்தோடு வெகுதூரம் போய்விடும்போது, இவற்றின் குஞ்சுகள் பெரும்பாலும் பாரை ஒட்டியே தங்குகின்றன. வாராவாரம் சாவு, வாராவாரம் புதுப் பிறப்பு. எடை குறைவாகத் தெரிவதற்குக் காரணம், சேரச் சேரத் தீர்ந்துகொண்டே இருப்பது. அந்தக் களவாவும் செப்பிலியும் விளமீனும் வளர்ந்ததில் இவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. நேற்று என் தட்டில் இருந்த குழம்பில்கூட இவற்றின் பங்கு இருந்திருக்கும்.

திரும்பும்போது விரல் நீள டாம்சல் ஒன்று நேராக வந்து என் கண்ணாடியில் முட்டியது. விலகினேன், மறுபடி முட்டியது. தம்பி தண்ணீருக்கு மேலே வந்து சொன்னான்: "அது அதோட எடம்ணே. பாசி வளத்து வச்சிருக்கு. யாரையும் விடாது." சில டாம்சல் வகைகள் பவளத்தின் ஒரு பகுதியைக் கடித்து, அங்கே தனக்கு வேண்டிய பாசியை மட்டும் வளரவிட்டு, வேண்டாததைப் பிடுங்கிப் போடும். அது பவளத்துக்கு நட்டம். சின்ன மீன் எல்லாம் பாருக்கு நல்லது மட்டுமே செய்கிறது என்று நான் எழுதினால் அது பொய்யாகிவிடும். களவா போன்றவை இந்தத் தோட்டக்காரர்களைத் தின்று அளவில் வைத்திருக்கும்வரை பார் தாங்கிக்கொள்கிறது.

கரை ஏறும்போது சொறி என்கிற ஜெல்லி மீன் முழங்கையில் பட்டுவிட்டது. நெருப்பு வைத்தது போல எரிந்தது. தம்பியின் அம்மா வினிகர் பாட்டிலோடு ஓடி வந்தார். "மொதவாட்டி வர்றவங்கள அது தேடி வந்து தொடும்பா" என்றார். ஒரு மணி நேரத்தில் அடங்கியது. அவர் வீட்டிலேயே கஞ்சியும் நெத்திலிக் கருவாட்டுப் பொரியலும் கிடைத்தன.

மார்ச் 22, சனி, குருசடை

பாம்பனுக்குப் பக்கத்தில் குந்துகால். 1897 ஜனவரி 26ஆம் தேதி விவேகானந்தர் இலங்கையிலிருந்து வந்து இறங்கிய கரை. இப்போது வனத்துறைப் படகு இங்கிருந்து குருசடைத் தீவுக்குப் போகிறது. காற்று காரணமாகக் காலைப் படகு போகவில்லை. வெயிலில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். திருப்பூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் எல்லாருக்கும் முறுக்கு பங்கிட்டது.

குருசடை கடல் உயிரியல் படித்தவர்களுக்குப் பழகிய பெயர். சென்னை அரசு அருங்காட்சியகத்தார் 1920களில் இங்கே வந்து கரையோர உயிர்களைத் திரட்டியிருக்கிறார்கள். படகு தீவை நெருங்கி வேகம் குறைத்தபோது அடியில் பார் தெரிந்தது. நேற்றைக் கலங்கலுக்குப் பிறகு இன்றைய தெளிவு பெரிய ஆறுதல். ஆனால் தெரிந்த பவளத்தில் நிறையச் செத்துப்போன கல். 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. சில தேறின, பல தேறவில்லை.

இந்தத் தீவுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. இந்தப் பக்கத்துக் கடலில் கயிற்றில் கட்டி வளர்க்கக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் என்ற பாசி, குருசடைப் பவளங்களின் மேல் பாயாகப் படர்ந்தது 2008இல் பதிவானது. அடியில் வெளிச்சம் கிடைக்காமல் பவளம் சாகும். ஆட்கள் முங்கிக் கையால் பிடுங்கி எடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு துண்டு தப்பினாலும் மறுபடி வளரும்.

மாலையில் சின்னப்பாலத்தில் டீக்கடை. பாசி எடுக்கப் போய்வந்த அக்காமார் மூன்று பேர் பக்கத்துப் பெஞ்சில் இருந்தார்கள். விரல்களில் துணி சுற்றியிருந்தது. பார்க்கல் கிழிக்காமல் இருக்கவாம். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை என்று வகை வகையாகச் சொன்னார்கள். கயிற்றுப் பாசியும் கட்டுவீர்களா என்று கேட்டேன்.

"கட்டுறதுதான். ஓரா மீன் வந்துச்சுன்னா முடிஞ்சுச்சு. நுனிய எல்லாம் கடிச்சு மொட்டையாக்கிரும்."

"அந்த ஓரா தீவுப் பக்கம் நிறைய இருந்தா, படர்ற பாசியையும் தின்னுமில்லக்கா?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவர், "திங்கும். ஆனா இருந்தாத்தான?" என்றார். "ஓராவுக்கு நல்ல வெல. குஞ்சக்கூட விடுறதில்ல."

இரவு விடுதி அறையில் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். ஃபிஜித் தீவுகளில் டேனியல் டிக்சனும் மார்க் ஹேயும் செய்த ஒரு சோதனை 2012இல் வெளியானது. நச்சுப் பாசி ஒன்று கிளைப்பவளத்தைத் தொட்டவுடன் பவளம் ஒரு வேதிப்பொருளை நீரில் விடுகிறது. அந்த வாடை பட்டதும், கிளைக்குள் குடியிருக்கும் சின்னஞ்சிறு உழுவைகள் கால் மணி நேரத்துக்குள் வந்து பாசியைக் கத்தரிக்கத் தொடங்குகின்றன. ஒரு வகை அந்த நச்சுப் பாசியைத் தின்று, தன் தோலின் நச்சையும் கூட்டிக்கொள்கிறது. உழுவை உள்ள பவளங்களுக்குப் பாசியால் நேர்ந்த சேதம், இல்லாதவற்றோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. ஒரு பவளம் உதவி கேட்கிறது, அங்குல நீள மீன் வந்து உதவுகிறது. இதைப் படித்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை, ஆனால் காரணம் மின்விசிறி நின்றுபோனது. நள்ளிரவுவரை மின்சாரம் இல்லை.

மார்ச் 23, ஞாயிறு, கீழக்கரை

ஏறிய தனியார் பேருந்து திருப்புல்லாணி தாண்டியதும் நின்றுவிட்டது. நடத்துநர் கேட்காமலே மீதிக் காசைத் திருப்பிக் கொடுத்தார். ஒரு மணி நேரம் கருவேல நிழலில். அப்புறம் ஒரு மீன் வண்டிக்காரர் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே ஏற்றிக்கொண்டார். இந்தப் பயணத்திலேயே குளிர்ச்சியாகப் போன தூரம் அதுதான்.

ரம்ஜான் மாதம். பகலில் டீக்கடைகள் திரை போட்டிருந்தன. கடற்கரையில் கூடுகள் அடுக்கியிருந்தன. கீழக்கரை மீனவர்கள் பாரை ஒட்டிக் கூடு இறக்கி மீன் பிடிப்பதில் பேர் போனவர்கள். உள்ளே போகிற வழி அகலமாகத் தொடங்கிக் குறுகிக்கொண்டே போகும். போன மீனுக்குத் திரும்பத் தெரியாது. நோன்பிருந்தபடியே கூடு பின்னிக்கொண்டிருந்த காக்கா (இங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) ஒருவர் என்னை நிழலுக்கு அழைத்து உட்காரச் சொன்னார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். தனக்குத் தண்ணீர் குடிக்க முடியாதபோதும் எனக்குப் பையனை அனுப்பித் தண்ணீர் வரவழைத்தார்.

"என்ன விழும் காக்கா?"

"விளமீனு, களவா, ஓரா, கிளிமீனு. ஓராவுக்குப் பாசி வைக்கணும். விளமீனுக்கு நண்ட நசுக்கிப் போடணும்."

"பொடி மீன்?"

"அது கண்ணிவழிய போயிரும். அத யாரு கணக்குல வச்சா தம்பி? ஆனா ஒண்ணு. பொடி மீனு மொய்க்கிற பாருலதான் கூடு எறக்குவோம். மொய்க்கலன்னா அந்தப் பாரு செத்துருச்சுன்னு அர்த்தம். அங்க எறக்கி என்ன புண்ணியம்?"

நான் கட்டுரைகளில் தேடியதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். முன்பெல்லாம் கூடு நகராமலிருக்கவும் மறைக்கவும் உயிரோடிருக்கும் பவளத்தையே உடைத்து மேலே வைப்பார்களாம். சுண்ணாம்புக் காளவாய்க்கும் வீட்டு அடித்தளத்துக்கும் வள்ளம் வள்ளமாகப் பார்க்கல் போன காலமும் அவருக்கு நினைவிருக்கிறது. 2001இல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தது. அதன் பிறகு கல் வெட்டுவது படிப்படியாக நின்றது. "இப்ப ஒடைக்கிறதில்ல. மணல்ல எறக்கி, கல்லு கட்டிருவோம்" என்றார்.

கூட்டின் கண்ணி பற்றி அவருக்குத் தெளிவான கருத்து இருந்தது. ஓராக் குஞ்சு வெளியே போகிற அளவு கண்ணி வேண்டும். எல்லாரும் வைத்தால்தான் பயன். ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடித்தால் விட்டவர் வயிறு காயும். அவருடைய கூட்டில் என் இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது. இதைச் சட்டம் போட்டுச் சொல்வதைவிட, பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் கூடிப் பேசி முடிவு செய்தால் நிற்கும் என்றே எனக்கும் படுகிறது.

மாலை பள்ளிவாசலுக்கு அவரே கூட்டிப் போனார். நோன்புக் கஞ்சி, வடை, பேரீச்சம்பழம். யார், எந்த ஊர் என்று ஒருவரும் கேட்கவில்லை. கிண்ணம் காலியாகும் முன் அடுத்த கரண்டி வந்தது. கஞ்சியில் தேங்காய்ப்பாலும் வெந்தயமும் மணத்தன. நான்கு நாள் வெயில் அந்த ஒரு கிண்ணத்தில் இறங்கிவிட்டது. அப்புறம் அவர் வீட்டில் மீன் ஆணமும் சோறும். பணம் கொடுக்கப் பார்த்தபோது முகம் வாடியது, அதோடு நிறுத்திக்கொண்டேன். கிளம்பும்போது கடைத்தெருவில் தொதல் அரைக் கிலோ வாங்கினேன், 160 ரூபாய். எண்ணெய் மினுங்கும் கறுப்பு அல்வா மாதிரி. பாதி பேருந்திலேயே தீர்ந்தது.

மார்ச் 24, திங்கள், தூத்துக்குடி

ஏர்வாடி, சாயல்குடி, வேம்பார் வழியாக வந்தேன். சாயல்குடிப் பக்கம் சாலையோரம் பதநீர், ஒரு சொம்பு 25 ரூபாய். வேம்பார் தாண்டியதும் உப்பளங்களின் வெளிச்சம் கண்ணைக் கூச வைத்தது.

தூத்துக்குடிக்கு எதிரே இருக்கும் வான் தீவு 1980களில் 16 ஹெக்டேர் இருந்தது. பவளம் வெட்டியதில் அலையைத் தடுக்கும் பார் போய், 2014 வாக்கில் 2 ஹெக்டேர் சொச்சமாகச் சுருங்கியது. இதே வளைகுடாவின் 21 தீவுகளில் விலங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் ஏற்கனவே நீருக்குள் போய்விட்டன. வான் தீவைச் சுற்றி 2015 முதல் துளைகளுள்ள கான்கிரீட் அமைப்புகளை இறக்கினார்கள். அலை வேகம் குறைந்து மணல் மறுபடி சேர்கிறது. மீன்களும் குடியேறியிருக்கின்றன. துளைகள் வைத்துச் செய்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. சின்ன மீனுக்கு வேண்டியது இடுக்கு. வழவழப்பான சுவரில் உழுவை வாழாது, உழுவை இல்லாத இடத்தில் களவாவுக்கு வேலையில்லை.

இரவு ஒன்பது மணிக்கு மீன்பிடித் துறைமுகம். அதிகாலையில் போன விசைப்படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்புகிற நேரம். இறால், கணவாய், நவரை, செப்பிலி எல்லாம் ஏலத்துக்குப் பிரிந்துபோன பிறகு, தளத்தில் ஒரு குவியல் மீந்தது. இங்கே அதைச் சங்காயம் என்கிறார்கள். சாப்பாட்டுக்கு ஆகாத பொடி மீன், கோழித் தீவனத்துக்கும் மீன்தூளுக்கும் போவது. கேட்டபோது கிலோ இருபது ரூபாய் சொச்சம் என்றார்கள்.

கைவிளக்கை வாங்கிக் குவியலைக் கிளறிப் பார்த்தேன். காரல் நிறைய. விரல் நீளச் செப்பிலிக் குஞ்சுகள். விளமீன் குஞ்சு. சிவப்பாக, பெரிய கண்ணோடு கார்டினல் மீன்கள். பகலில் பாரின் இருட்டில் ஒதுங்கி, இரவில் வெளியே போய் மேய்ந்து, விடிவதற்குள் வயிறு நிறைந்து பாருக்குத் திரும்புபவை. வெளியில் தின்ற சத்தைப் பாருக்குள் கொண்டுவந்து சேர்ப்பவை. இவற்றில் ஆண் மீன்தான் முட்டைகளை வாய்க்குள் வைத்துப் பொரியும்வரை காக்கும், அத்தனை நாளும் இரை எடுக்காது. குவியலில் ஒன்றின் வாயோரம் முட்டைக் கொத்து ஒட்டியிருந்தது.

படகில் வேலை செய்யும் ஒரு அண்ணனிடம் காட்டினேன். உட்கார்ந்து பார்த்தார். "தெரியும் சார். பாத்தா சங்கடமாத்தான் இருக்கும். வலை மடியில கண்ணியப் பெருசாக்குனா எறா போயிரும்னு முதலாளி பயப்படுறாரு. டீசல் வெல வேற."

டீசல் செலவு எவ்வளவு, சங்காயத்தில் எவ்வளவு வருகிறது என்று இருவரும் அங்கேயே கணக்குப் போட்டோம். அன்றைக்கு அவர்கள் படகில் சங்காயம் ஏழு கூடை. அதில் வந்த பணம் மொத்த வரவில் மிகச் சிறிய பங்கு. "இதுக்காகவா இவ்வளவு குஞ்ச அள்ளிட்டு வர்றோம்" என்று அவரே சொன்னார். பிறகு முதலாளியின் மகனை அழைத்து, நான் கிளறி வைத்திருந்த செப்பிலிக் குஞ்சுகளைக் காட்டி, இவை ஒரு வருடம் கழித்து ஒவ்வொன்றும் என்ன விலைக்குப் போகும் என்று கேட்டார். பையன் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுவிட்டுக் குனிந்தான். நான் பேருந்துக்குக் கிளம்பியபோது அவர்கள் இன்னும் மடியின் அடிப்பகுதியை விரித்து வைத்துக் கண்ணியை அளந்துகொண்டிருந்தார்கள், எந்த அளவுக்கு மாற்றினால் இறால் தங்கும் என்ற வாக்குவாதம் முடியவில்லை.